அத்தியாயம் 7: கேட்கும்போதே தேர்ந்தெடுங்கள் – இணையப் புவித் தரவில் எந்த ஃபீல்டு வேண்டும்?

செங்கல்பட்டு மாவட்டத்து ஏரிகளை ஆய்வுக்கு எடுத்திருந்த மாணவி ஒருவர் ஒரு நாள் மாலை மடிக்கணினியோடு வந்தார். நீர்நிலைகளின் தரவைப் பொதுவில் வைத்திருக்கும் ஓர் இணையச் சேவையிலிருந்து ஏரிகளை இறக்கிக்கொண்டிருந்தார். கைப்பேசியிலிருந்து எடுத்த இணைப்பு. திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

“அரை மணி நேரமா சுத்துது சார். பாதியில நின்னுடுது. இது மூணாவது தடவை.”

“இப்ப உனக்கு என்னம்மா வேணும்?”

“ஒன்றியம் வாரியா எத்தனை ஏரி, மொத்தம் எவ்வளவு பரப்பு. ஒரு அட்டவணை போதும் சார்.”

அவர் அனுப்பியிருந்த கேள்வியை வாங்கிப் பார்த்தேன். மாவட்டத்தைச் சரியாகவே வடிகட்டியிருந்தார். ஆனால் எந்த ஃபீல்டுகள் வேண்டும் என்று எழுத வேண்டிய இடத்தில் ஒரு நட்சத்திரக் குறி. இருப்பதெல்லாம் வேண்டும் என்பது அதன் பொருள். அந்த அடுக்கில் நாற்பதுக்கு மேற்பட்ட ஃபீல்டுகள் இருந்தன. அவற்றோடு ஒவ்வொரு ஏரியின் கரையும் வளைவு நெளிவு மாறாமல் புள்ளி புள்ளியாக வந்துகொண்டிருந்தது. அவருக்கு வேண்டிய அட்டவணைக்கு ஏரியின் அடையாள எண், ஒன்றியத்தின் பெயர், பரப்பு ஆகிய மூன்றும் போதும். அந்த மூன்றை மட்டும் எழுதி, வடிவம் வேண்டாம் என்றும் குறிப்பிட்டு மறுபடி அனுப்பினோம். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவதற்குள் பதில் வந்துவிட்டது.

பள்ளிப் பாடத்தில் நெடுவரிசை என்று படித்ததைத்தான் புவித் தரவோடு வேலை செய்பவர்கள் ஃபீல்டு என்கிறார்கள். இந்த நூலிலும் அப்படியே சொல்கிறேன். எந்த வரிசைகள் வேண்டும் என்று கேட்பதைச் சென்ற அத்தியாயத்தில் பார்த்தோம். அதை எல்லோரும் சீக்கிரம் கற்றுக்கொள்கிறார்கள், ஏனென்றால் தப்பாக வடிகட்டினால் வரைபடத்தில் உடனே தெரிந்துவிடும். ஃபீல்டுகளைத் தேர்ந்தெடுப்பது அப்படிக் கண்ணில் படுவதில்லை. அதனாலேயே பல ஆண்டு அனுபவம் உள்ளவர்கள்கூட அதை விட்டுவிடுகிறார்கள்.

நட்சத்திரக் குறிக்கு ஆகும் செலவு

சொந்தக் கணினியில் உள்ள கோப்பைத் திறக்கும்போது நாற்பது ஃபீல்டு இருந்தால் என்ன, நான்கு இருந்தால் என்ன என்று விட்டுவிடலாம். இணையத்தில் கேட்கும்போது அப்படி இல்லை. பெரும்பாலான சேவைகள் ஜேசன் அல்லது ஜியோஜேசன் வடிவில் பதில் தருகின்றன. இரண்டுமே எழுத்தாகத்தான் வரும். அந்த எழுத்தில் ஒவ்வொரு வரிசையிலும் மதிப்போடு ஃபீல்டின் பெயரும் திரும்பத் திரும்ப வருகிறது. சிஎஸ்வியில் தலைப்பு ஒருமுறை வந்தால் போதும். ஜேசனில் ஐயாயிரம் வரிசை இருந்தால் ஐயாயிரம் முறையும் வரும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: பெயருக்குச் சராசரி 20 எழுத்து, 40 ஃபீல்டு, 5,000 வரிசை என்றால் பெயர்களுக்கு மட்டும் 40 லட்சம் எழுத்து ஆகிறது. மதிப்புகள் இதற்கு மேல். சேவையகம் சுருக்கி அனுப்பினால் வழியில் எடை குறையும். ஆனால் உங்கள் கணினியில் விரிந்ததும் முழு எடையும் நினைவகத்தில் ஏறிவிடும். உலாவி திணறி நிற்பது பெரும்பாலும் அந்தக் கட்டத்தில்தான்.

இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. பொதுச் சேவைகள் பலவும் கட்டணமில்லாமல், குறைந்த வளத்தில் நடக்கின்றன. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவைக் கேட்டு வாங்க உதவும் ஓவர்பாஸ் சேவையகங்கள் அந்த வகை. ஒருவர் தேவையில்லாமல் அள்ளும்போது வரிசையில் நிற்கும் மற்றவருக்குத் தாமதமாகிறது. அளவு மீறினால் உங்கள் இணைய முகவரியையே சிறிது நேரம் நிறுத்தி வைத்துவிடுவார்கள். ஊர்க் குளத்துத் தண்ணீரை எடுப்பது போல, வேண்டிய அளவுக்கு எடுங்கள்.

பட்டியலில் காணாத ஃபீல்டு

ஒரு அடுக்கின் ஃபீல்டு பட்டியலை எடுத்துப் பார்த்தால் பெயர், வகை, பரப்பு, ஆண்டு என்று வரிசையாக இருக்கும். ஆனால் மிகக் கனமான ஒன்று பல சேவைகளில் அந்தப் பட்டியலில் தனியாகத் தெரியாது. அதுதான் வடிவம், அதாவது ஜியோமெட்ரி. இந்த அத்தியாயத்தில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். இருபது ஃபீல்டைக் குறைப்பதால் கிடைக்கும் லாபத்தைவிட வடிவத்தை நிறுத்துவதால் கிடைக்கும் லாபம் பெரும்பாலும் பெரிது.

ஓர் ஏரிக்கரை 2,000 புள்ளிகளால் ஆனது என்று வையுங்கள். ஒவ்வொரு புள்ளிக்கும் இரண்டு எண். தசமப் புள்ளிக்குப் பின் பதினைந்து இலக்கத்தோடு அனுப்பினால் ஒரு புள்ளிக்குச் சுமார் 40 எழுத்து. ஆக ஓர் ஏரிக்கு 80,000 எழுத்து. அதே ஏரியின் மற்ற விவரம் அனைத்தும் சேர்ந்து ஆயிரம் எழுத்தைத் தாண்டுவதே அரிது.

வடிவத்தை நிறுத்தும் வழி சேவைக்குச் சேவை மாறும். ஆர்க்ஜிஐஎஸ் வகைச் சேவைகளில் ஃபீல்டுகளை ‘அவுட்ஃபீல்ட்ஸ்’ என்ற இடத்தில் எழுதுகிறோம். வடிவத்துக்கு ‘ரிட்டர்ன் ஜியோமெட்ரி’ என்று தனி விசை. அதை ‘ஃபால்ஸ்’ என்று வைக்க வேண்டும். ஃபீல்டுகளை மட்டும் குறைத்துவிட்டு இதைத் தொடாமல் விட்டால் வடிவம் வழக்கம்போல வந்துகொண்டிருக்கும், ஏனென்றால் அங்கே இயல்புநிலை ‘ட்ரூ’. ஜியோசர்வர் போன்றவை தரும் டபிள்யூஎஃப்எஸ் சேவையில் நிலைமை வேறு. அங்கே வடிவமும் மற்றவற்றைப் போல ஒரு ஃபீல்டுதான். ‘ஜியோம்’ என்றோ ‘தி ஜியோம்’ என்றோ பெயர் இருக்கும். ‘புராப்பர்ட்டி நேம்’ பட்டியலில் அதை எழுதாவிட்டால் வராது. இதைத் தெரியாமல் பெயரையும் பரப்பையும் மட்டும் கேட்டுவிட்டு, வரைபடம் ஏன் வெறுமையாக இருக்கிறது என்று தேடுபவர்களும் உண்டு. ஓவர்பாஸில் ‘அவுட் டேக்ஸ்’ என்றால் விவரம் மட்டும், ‘அவுட் சென்டர்’ என்றால் விவரத்தோடு ஒரு மையப்புள்ளி, ‘அவுட் ஜியோம்’ என்றால் முழு உருவம். மாநில வரைபடத்தில் மருத்துவமனைகளைப் புள்ளியாக வைக்க மையப்புள்ளியே போதும். கட்டடத்தின் நான்கு சுவரும் எதற்கு?

வடிவம் கட்டாயம் வேண்டும் என்ற வேலைகளும் உண்டு. அப்போதும் முழுத் துல்லியம் வேண்டுமா என்று யோசியுங்கள். அட்சரேகையில் ஒரு பாகை ஏறத்தாழ 111 கிலோமீட்டர். அப்படியானால் தசமத்துக்குப் பின் ஐந்தாவது இலக்கம் ஒரு மீட்டரைக் குறிக்கும், ஆறாவது இலக்கம் ஒரு சாணுக்கும் குறைவு. 2016-இல் வெளியான ஜியோஜேசன் தரநிலையும் ஆறு இலக்கத்தைப் பற்றிப் பேசி, அது சுமார் பத்து சென்டிமீட்டர் என்கிறது. ஏரிக்கரையைப் பத்து சென்டிமீட்டருக்கு யாரும் அளந்திருக்கப் போவதில்லை. ஆர்க்ஜிஐஎஸ் சேவையில் ‘ஜியோமெட்ரி பிரிசிஷன்’ என்ற இடத்தில் 5 அல்லது 6 என்று எழுதினால் மீதி இலக்கங்கள் கழன்றுவிடும். ‘மேக்ஸ் அலவபிள் ஆஃப்செட்’ என்று இன்னொன்று இருக்கிறது. எவ்வளவு தூரம் வரை கோடு விலகலாம் என்று சொன்னால், அதற்குள் அடங்கும் புள்ளிகளைச் சேவையகமே உதிர்த்துவிட்டுத் தரும். இப்படி எளிமையாக்கிய வடிவம் திரையில் காட்ட மட்டுமே. அதைக் கொண்டு பரப்பு அளக்காதீர்கள். பக்கத்துப் பக்கத்து ஒன்றியங்களின் எல்லை தனித்தனியாக எளிமையாவதால் இடையில் மெல்லிய சந்து விழும், அல்லது ஒன்றின் மேல் ஒன்று ஏறும்.

பரப்பு என்று இரண்டு ஃபீல்டு

மாணவியின் கதையில் ஒன்றைச் சொல்லாமல் விட்டேன். அந்த அடுக்கில் பரப்பைக் குறிக்கும் ஃபீல்டு இரண்டு இருந்தன. ஒன்று துறையின் பதிவிலிருந்து வந்த ஹெக்டேர் கணக்கு. மற்றது ‘ஷேப் ஏரியா’, மென்பொருள் தானாகப் போட்டுக்கொண்டது. அவர் இரண்டாவதைத்தான் எடுத்திருந்தார், இலக்கங்கள் நிறைய இருந்ததால் அதுவே துல்லியமானது என்று நம்பி.

இணைய வரைபடங்கள் பெரும்பாலும் வெப் மெர்கேட்டர் என்ற வரைமுறையில் இருக்கின்றன. நிலநடுக்கோட்டிலிருந்து விலக விலக அது நிலத்தைப் பெரிதாக்கிக் காட்டும். ‘ஷேப் ஏரியா’ அந்தத் தட்டையான வரைபடத்தில் அளந்த பரப்பு. சென்னையின் அட்சரேகையில், அதாவது சுமார் 13 பாகையில், உண்மைப் பரப்பைவிட ஏறத்தாழ 5 சதவீதம் கூடுதலாக இருக்கும். லண்டனில் இரண்டரை மடங்கைத் தாண்டும். ஐந்து சதவீதம் என்பது ஒரு ஏரியில் கண்ணுக்குத் தெரியாது. மாவட்டம் முழுக்கக் கூட்டினால் இல்லாத ஏரிகள் சில முளைத்துவிடும். ஃபீல்டைத் தேர்ந்தெடுப்பதில் எடையைக் குறைப்பது பாதி வேலைதான். அதற்குள் என்ன இருக்கிறது, யார் நிரப்பினார்கள், எந்த அலகில் என்று தெரிந்துகொள்வது மறுபாதி.

புள்ளிகளுக்கும் இதே சிக்கல் உண்டு. சென்னைக்கு 80.27, 13.08 என்று எதிர்பார்க்கும் இடத்தில் 89 லட்சம், 14 லட்சம் என்று எண்கள் வந்தால் பயப்பட வேண்டாம். சேவை வெப் மெர்கேட்டர் மீட்டரில் பதில் சொல்கிறது. ‘அவுட் எஸ்ஆர்’ என்ற இடத்தில் 4326 என்று எழுதினால் பாகையில் வரும்.

முதலில் ஐந்து வரிசை

என் வழக்கத்தைச் சொல்கிறேன். புதிய சேவையைத் தொடும்போது முதலில் எண்ணிக்கையை மட்டும் கேட்பேன். ஆர்க்ஜிஐஎஸ் சேவையில் ‘ரிட்டர்ன் கவுன்ட் ஒன்லி’, டபிள்யூஎஃப்எஸ் சேவையில் ‘ரிசல்ட் டைப்’ என்ற இடத்தில் ‘ஹிட்ஸ்’, ஓவர்பாஸில் ‘அவுட் கவுன்ட்’. எத்தனை வரிசை என்று தெரிந்த பிறகுதான் மற்றவை.

அடுத்து, நட்சத்திரக் குறி. ஆம், அதற்கும் ஒரு நல்ல பயன் இருக்கிறது. வடிவம் இல்லாமல் ஐந்தே வரிசைக்கு எல்லா ஃபீல்டையும் கேட்டு வாங்கி, ஒரு தாளில் அச்சிட்டது போல முன்னால் வைத்துப் படிப்பேன். எந்த ஃபீல்டு வெறுமையாகவே கிடக்கிறது, எதில் மூன்று வெவ்வேறு முறையில் ஒரே ஊர் எழுதப்பட்டிருக்கிறது, எது எண் போலத் தோன்றினாலும் எழுத்தாகச் சேமிக்கப்பட்டது என்பதெல்லாம் அந்த ஐந்து வரிசையிலேயே ஓரளவு புரிந்துவிடும். பிறகு அடுக்கின் விவரப் பக்கத்தைத் திறந்து ஒத்துப் பார்ப்பேன்.

அந்த விவரப் பக்கத்தில் இரண்டு விஷயங்களைத் தேடுங்கள். ஒன்று, ஃபீல்டின் உண்மைப் பெயர். திரையில் ‘ஒன்றியத்தின் பெயர்’ என்று அழகாகத் தெரிவது அலியாஸ், அதாவது காட்சிக்கு வைத்த பெயர். கேள்வியில் எழுத வேண்டியது உள்ளே இருக்கும் சுருக்கப் பெயர். காட்சிப் பெயரை எழுதினால் ஃபீல்டு செல்லாது என்று பிழை வரும். இரண்டாவது, குறியீட்டுப் பட்டியல். ஏரியின் நிலை என்ற ஃபீல்டில் 1, 2, 3 என்று மட்டும் வரும். 2 என்றால் வறண்டதா, தூர்ந்ததா? பதிலில் அது இருக்காது. விவரப் பக்கத்தில் ‘டொமைன்’ என்ற பகுதியில்தான் இருக்கும். அதைத் தனியே எடுத்து வைத்துக்கொள்ளாமல் குறியீட்டை மட்டும் கொண்டுவந்தால் ஆறு மாதம் கழித்து அந்த எண்ணுக்குப் பொருள் சொல்ல ஆள் இருக்காது.

தேதியிலும் ஒரு கண் வைக்க வேண்டும். ஆர்க்ஜிஐஎஸ் சேவைகள் தேதியை 1970 ஜனவரி 1 முதல் கடந்த மில்லிநொடிகளாகத் தருகின்றன, அதுவும் உலகப் பொது நேரத்தில். இந்திய நேரப்படி 2020 ஜனவரி 1 நள்ளிரவில் பதிவான ஒன்று அங்கே 2019 டிசம்பர் 31 மாலை 6.30. நேரத்தைச் சரிசெய்யாமல் ஆண்டை மட்டும் பிரித்தெடுத்தால் அது முந்தைய ஆண்டுக் கணக்கில் போய்ச் சேரும்.

கேட்காவிட்டால் வருந்தும் ஃபீல்டுகள்

குறைக்கச் சொல்லிக்கொண்டே வந்தவன் இப்போது சிலவற்றைக் கட்டாயம் சேர்க்கச் சொல்கிறேன். அடையாள எண், திருத்திய தேதி, மற்றத் தரவோடு இணைக்கும் குறியீடு. உடனடி வேலைக்குத் தேவைப்படாவிட்டாலும் இவற்றை விடாதீர்கள்.

அடையாள எண்ணை விட்டுவிட்டு நான் ஒருமுறை பட்ட பாடு நினைவிருக்கிறது. பள்ளிகளின் பட்டியல் ஒன்றைப் பெயர், ஊர், மாணவர் எண்ணிக்கை என்று மூன்று ஃபீல்டோடு எடுத்தேன். இரண்டு மாதத்தில் மூலத் தரவைத் திருத்தி வெளியிட்டார்கள். எந்தப் பள்ளி எந்தப் பள்ளி என்று பொருத்த வழியில்லை. ஒரே ஊரில் ‘ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி’ என்று மூன்று இருந்தன. மூன்று இரவு உட்கார்ந்து கையால் பொருத்தினேன். ஒரே ஒரு எண்ணைச் சேர்த்துக் கேட்டிருந்தால் அந்த வேலையே இல்லை.

அடையாள எண்ணிலும் எது நிலையானது என்று பாருங்கள். ‘ஆப்ஜெக்ட் ஐடி’ என்பது சேவைக்குள் வரிசைகளைப் பிரித்தறிய வைத்தது. தரவை மறுபடி ஏற்றினால் புதிதாக எண் விழ வாய்ப்புண்டு. ‘குளோபல் ஐடி’ இருந்தால் அதை எடுங்கள். துறையே கொடுத்த எண் இருந்தால் இன்னும் நல்லது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் எண் மட்டும் போதாது. புள்ளி, கோடு, தொகுப்பு ஆகிய மூன்று வகைக்கும் தனித்தனி எண் வரிசை ஓடுகிறது. ஒரே எண்ணில் ஒரு புள்ளியும் அதற்குச் சம்பந்தமே இல்லாத ஒரு கோடும் இருக்கும். அதனால் வகையையும் எண்ணையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

பெயரை வைத்து இணைக்கலாமே என்று தோன்றும். தமிழ்நாட்டு மாவட்டங்களை ஆங்கிலத்தில் எழுதிய இரண்டு தரவுகளை அப்படி இணைத்துப் பாருங்கள். ஒன்றில் தூத்துக்குடி இருக்கும், மற்றதில் டூட்டிகோரின். ஒன்றில் திருச்சிராப்பள்ளி, மற்றதில் ட்ரிச்சி. விழுப்புரத்துக்கு எத்தனை எழுத்துக்கூட்டல் இருக்கிறது என்று எண்ணி முடியாது. குறியீட்டை வைத்து இணைத்தால் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் குறியீட்டுக்கும் காலம் உண்டு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது தமிழ்நாட்டில் 32 மாவட்டங்கள், இன்று 38. அந்தக் கணக்கெடுப்பில் காஞ்சிபுரத்தின் குறியீடு 604. அதற்குள் இன்றைய செங்கல்பட்டும் அடக்கம், ஏனென்றால் செங்கல்பட்டு தனி மாவட்டமானது 2019-இல். குறியீட்டோடு அது எந்த ஆண்டின் எல்லை என்ற ஃபீல்டும் வேண்டும் என்பது இதனால்தான்.

கலிபோர்னியாவிலிருந்து ஓர் உதாரணம்

ஃபீல்டைத் தேர்ந்தெடுக்காமல் கேட்கவே முடியாத சேவை ஒன்று உண்டு. அது அமெரிக்கக் கணக்கெடுப்புத் துறையின் தரவுச் சேவை. ‘கெட்’ என்ற இடத்தில் வேண்டிய ஃபீல்டுகளை எழுத வேண்டும். ஒரு கேள்விக்கு 50 வரைதான். ‘ஃபார்’, ‘இன்’ என்ற இடங்களில் எந்த நிலப்பகுதி என்று சொல்ல வேண்டும். ஆயிரக்கணக்கான ஃபீல்டுகள் இருப்பதால் இந்தக் கட்டுப்பாடு. பழகுவதற்கு இதைவிட நல்ல பயிற்சிக் களம் எனக்குத் தெரியவில்லை.

கலிபோர்னியாவின் 58 கவுன்டிகளுக்கும் குடும்ப வருமானத்தின் இடைநிலை அளவை எடுக்க வேண்டும் என்று வைப்போம். ஃபீல்டின் பெயர் பி19013, கீழ்க்கோடு, 001, அதன் முடிவில் ‘இ’ என்ற ஆங்கில எழுத்து. ‘இ’ என்றால் மதிப்பீடு. அதே பெயரின் முடிவில் ‘எம்’ போட்டால் அந்த மதிப்பீட்டின் பிழை வரம்பு. பலரும் முதலாவதை மட்டும் எடுத்து வண்ணம் தீட்டிவிடுகிறார்கள். 2020 கணக்கெடுப்பில் லாஸ் ஏஞ்சலிஸ் கவுன்டியின் மக்கள்தொகை 1,00,14,009. அதே மாநிலத்து ஆல்பைன் கவுன்டியில் 1,204 பேர். வருமானக் கணக்கு மாதிரி ஆய்விலிருந்து வருகிறது. கோடிப் பேர் உள்ள இடத்தில் கிடைக்கும் உறுதி ஆயிரம் பேர் உள்ள இடத்தில் கிடைக்காது. வரைபடத்தில் இரண்டும் ஒரே அழுத்தமான நிறத்தில் நிற்கும்போது பார்ப்பவர் இரண்டையும் ஒரே அளவுக்கு நம்பிவிடுவார். ஒன்றைக் கேட்டால் அதன் இணையையும் கேளுங்கள்.

கணக்குப் போட முடியாத இடங்களில் இந்தச் சேவை வெற்றிடம் விடுவதில்லை. மைனஸ் போட்டு 66,66,66,666 என்று ஓர் எண்ணை வைக்கிறது. சிறு பகுதிகளுக்குப் போகும்போது இது அடிக்கடி தலைகாட்டும். பார்க்காமல் சராசரி எடுத்தால் வட்டாரமே கடனில் மூழ்கியதாகக் கணக்கு வரும். மேல்முனையிலும் ஒரு குறி இருக்கிறது. 2,50,001 என்று கண்டால் அது வருமானம் இல்லை, இரண்டரை லட்சம் டாலருக்கு மேல் என்பதற்கான அடையாளம்.

இணைக்கும் குறியீடும் இங்கே கவனிக்கத்தக்கது. கலிபோர்னியாவின் எண் 06, லாஸ் ஏஞ்சலிஸ் 037, சேர்த்தால் 06037. எக்செலில் நேரடியாகத் திறந்தால் முன்னால் உள்ள பூஜ்ஜியம் போய் 6037 ஆகிவிடும். எல்லைத் தரவில் உள்ள 06037-உடன் அது சேராது. அந்த ஃபீல்டை எழுத்தாக இறக்குமதி செய்யுங்கள்.

தமிழில் பெயர் வேண்டுமென்றால்

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் நிலையான ஃபீல்டு என்று எதுவும் இல்லை. ஒவ்வொரு பொருளும் தனக்கென்று சில குறிச்சொற்களைச் சுமந்து நிற்கிறது. பொதுப் பெயர் ‘நேம்’ என்ற குறிச்சொல்லில் இருக்கும். தமிழ்நாட்டில் அது சில இடங்களில் ஆங்கிலம், சில இடங்களில் தமிழ். தமிழ்ப் பெயருக்கென்றே ‘நேம்’, முக்காற்புள்ளி, ‘டிஏ’ என்று தனிக் குறிச்சொல் உண்டு. மதுரையின் மருத்துவமனைகளைத் தமிழ் வரைபடத்தில் காட்ட நினைக்கிறீர்கள் என்றால், ஓவர்பாஸில் பதிலைச் சிஎஸ்வியாகக் கேட்டு, வகை, எண், மையப்புள்ளியின் இரண்டு எண்கள், ‘நேம்’, தமிழ்ப் பெயர் என்று ஆறு ஃபீல்டை எழுதுங்கள். தமிழ்ப் பெயர் பல வரிசைகளில் வெறுமையாக வரும். அந்த வெறுமையும் பயனுள்ள தகவல்தான். அதையே பட்டியலாக எடுத்துக்கொண்டு, தெரிந்த பெயர்களை நேரில் சரிபார்த்து நீங்களே வரைபடத்தில் சேர்க்கலாம். 2004-இல் தொடங்கிய நாளிலிருந்து அந்த வரைபடம் வளர்ந்தது அப்படித்தான்.

‘அவுட் மெட்டா’ என்று கேட்டால் கடைசியாகத் திருத்தியவரின் பயனர்ப் பெயரும் வரும். தரத்தைச் சோதிப்பவருக்கு அது வேண்டும், மருத்துவமனையைப் புள்ளியாகக் காட்டுபவருக்கு வேண்டாம். இதைப் பொதுவாகவே சொல்கிறேன். பொதுச் சேவைகளில் சில நேரம் உரிமையாளர் பெயர், தொலைபேசி எண், மனுதாரரின் முகவரி எல்லாம் ஃபீல்டாகத் திறந்து கிடக்கும். திறந்திருக்கிறது என்பதற்காக எடுக்காதீர்கள். உங்கள் கோப்புக்குள் வந்துவிட்டால் அதைக் காப்பாற்றும் பொறுப்பும் உங்களுடையது.

தமிழ்ப் பெயரோடு சேமிக்கும்போது ஒரு தடங்கல் வரும். பலரும் பழக்கத்தில் ஷேப்ஃபைலாகச் சேமிக்கிறார்கள். அதில் ஃபீல்டின் பெயருக்குப் பத்து எழுத்து இடம்தான். ‘பாப்புலேஷன் 2001’, ‘பாப்புலேஷன் 2011’ என்று இரண்டு ஃபீல்டு இருந்தால் ஆங்கிலத்தில் முதல் பத்து எழுத்தோடு இரண்டும் ஒன்றாகிவிடும். மென்பொருள் இரண்டாவதற்குத் தானாக ஒரு பெயர் சூட்டும், எது எந்த ஆண்டு என்பது போய்விடும். தமிழில் இன்னும் நெருக்கடி. யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட். மதுரை என்று எழுத ம, த, உகரக்குறி, ர, ஐகாரக்குறி என ஐந்து குறி, பதினைந்து பைட். பத்து பைட்டுக்குள் ‘ஒன்றியம்’ என்று ஃபீல்டுக்குப் பெயர் வைத்தால் ‘ஒன்’ வரைக்கும்தான் நிற்கும், அடுத்த எழுத்தின் ஒரு துண்டு வாலாகத் தொங்கும். கியூஜிஐஎஸ்ஸில் ஜியோபேக்கேஜாகச் சேமியுங்கள், இந்தத் தொல்லை எதுவும் இல்லை. சிஎஸ்வியாக எடுத்ததை எக்செலில் இரட்டைச் சொடுக்கில் திறந்து தமிழ் சிதறிப்போனால் தரவு கெட்டுவிட்டது என்று எண்ண வேண்டாம். தரவு இறக்குமதி வழியாகச் சென்று யூடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுத்தால் எழுத்து தெளிந்துவிடும்.

இரண்டு தடவையாகக் கேட்பது

மாணவி கேட்டது போன்ற ஆர்க்ஜிஐஎஸ் சேவைகளில் பரப்புக் கூட்டலையும் எண்ணிக்கையையும் சேவையகத்தையே செய்யச் சொல்லலாம். ‘அவுட் ஸ்டாடிஸ்டிக்ஸ்’ என்ற இடத்தில் எந்த ஃபீல்டைக் கூட்ட வேண்டும் என்றும், அதற்கென உள்ள இன்னோர் இடத்தில் எந்த ஃபீல்டு வாரியாகப் பிரிக்க வேண்டும் என்றும் எழுதினால் ஒன்றியத்துக்கு ஒரு வரிசையாக விடை வரும். மாணவிக்கு அதையும் காட்டினேன். வரிசைகளைத் தனித்தனியாகவும் வாங்கி வைத்துக்கொள்ளச் சொன்னேன், விடை சந்தேகமாக இருந்தால் ஒவ்வொரு ஏரியாகச் சரிபார்க்க வேண்டும் அல்லவா. தனித்தனியாக வாங்கும்போது சேவையின் உச்ச வரம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு தடவைக்கு 1,000 அல்லது 2,000 வரிசை என்று பெரும்பாலும் வைத்திருப்பார்கள். ‘எக்ஸீடட் டிரான்ஸ்ஃபர் லிமிட்’ என்று பதிலில் கண்டால் இன்னும் பாக்கி இருக்கிறது என்று பொருள். அடையாள எண் வரிசையில் அடுக்கச் சொல்லி, விட்ட இடத்திலிருந்து கேளுங்கள். முதலில் எண்ணிக்கையை வாங்கி வைத்ததும் இதற்குத்தான்.

இரண்டு வாரம் கழித்து அவர் மறுபடி வந்தார். அட்டவணையிலிருந்து ஒரு ஒன்றியத்தில் பதினேழு ஏரிகளைக் குறித்து வைத்திருந்தார். பதிவில் உள்ள பரப்பும் நேரில் பார்த்ததும் ஒத்துவராத ஏரிகள் அவை. இப்போது கரைக்கோடு வேண்டும், துல்லியம் குறையாமல் வேண்டும். அடையாள எண் கையில் இருந்ததால் ‘ஆப்ஜெக்ட் ஐடிஸ்’ என்ற இடத்தில் பதினேழு எண்ணையும் காற்புள்ளி போட்டு எழுதினார். ஃபீல்டாக அடையாள எண்ணையும் ஊர்ப்பெயரையும் மட்டும் கேட்டார். ‘ரிட்டர்ன் ஜியோமெட்ரி’ இந்த முறை ‘ட்ரூ’. அனுப்பிய கேள்வியை அப்படியே ஒரு கோப்பில் ஒட்டி, மேலே அன்றைய தேதியை எழுதி வைத்தார். அதே கைப்பேசி இணைப்புதான், பதினேழு ஏரியும் திரையில் வந்து நின்றன.